இடைவெளிக்கு ஒரு விதி ஏடு

கணிப்பொறிக்காக எழுதப்படும் நிரலைப் படிப்போர் இருவர். ஒருவர் கம்பைலர், மற்றவர் மனிதர். சி மொழியில் எழுதிய நிரலில் ஒரு வரியை எத்தனை இடம் உள்ளே தள்ளி எழுதினோம், எங்கே வரியை முறித்தோம் என்பதைக் கம்பைலர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. மனிதரோ அவற்றை நம்பியே படிக்கிறார். உள்ளே தள்ளியிருக்கும் வரி, மேலே உள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது என்று கண் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. பலர் கூடி ஒரே நிரலை எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். இதைத் தவிர்க்கவே விதி ஏடுகள் தோன்றின. அவற்றுள் பெயர்பெற்றது, லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 1990களில் எழுதிய ஏடு. பின்னர் பிறர் பல பகுதிகளைச் சேர்த்து விரித்துள்ளனர். இன்றும் கெர்னலுக்கு நிரல் அனுப்புவோர் அதைப் படித்தே ஆகவேண்டும்.

இந்த ஏட்டின் முதற்சிறப்பு, அது காரணம் சொல்கிறது என்பது. ஒவ்வொரு படிக்கும் எட்டு இடம் உள்ளே தள்ளுக என்கிறது. ஏன் எட்டு? இருபது மணி நேரம் திரையையே பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கும் ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியவேண்டும் என்பதால். எட்டெட்டாகத் தள்ளினால் வரி வலப்புறம் ஓடிவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். மூன்று படிகளுக்கு மேல் போனால் நிரலின் அமைப்பிலேதான் கோளாறு, அதைத் திருத்துக என்பது ஏட்டின் விடை. இடைவெளியைப் பற்றிய விதி ஒன்று, சிந்தனையின் சிக்கலையே அளந்து காட்டுகிறது. ஏட்டின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

தொனியை அப்படிப் பாராட்ட முடியவில்லை. நிரல் நடை அவரவர் விருப்பம், எவர்மீதும் திணிக்கமாட்டேன் என்று தொடங்குகிறார் ஆசிரியர். அடுத்த மூச்சிலேயே, வேறொரு குழுவின் விதி ஏட்டை அச்சிட்டுப் படிக்காமல் கொளுத்துங்கள் என்கிறார். வேடிக்கைதான். ஆனால் பொது உடன்பாட்டுக்காக எழுதிய ஏடு இப்படித் தொடங்கினால், புதிதாக வருபவர் அதை ஒருவரது பிடிவாதம் என்றே எடுத்துக்கொள்வார்.

வரியின் நீளத்துக்கு வருவோம். 80 எழுத்துக்குள் நிற்பது விரும்பத்தக்கது என்கிறது ஏடு. இந்த எண்ணின் வயது பலருக்குத் தெரியாது. ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. பின்னர் வந்த திரைகள் பலவும் அதே அகலத்தைக் கொண்டன. 2020 மே மாதத்தில், கெர்னலுக்கு வரும் திருத்தங்களைச் சோதிக்கும் நிரல் எச்சரிக்கும் எல்லை 100 ஆக உயர்த்தப்பட்டது. பழைய காரணம் மறைந்ததும் எண்ணைத் தளர்த்தியது சரியே.

இதே துணிவை நெளிவு அடைப்புக்குறிகளிடம் காட்டவில்லை என்பதே என் முதன்மையான குறை. நிபந்தனைக்குக் கீழ் ஒரே ஒரு கட்டளை இருந்தால், தேவையின்றி அடைப்புக்குறி இடாதே என்கிறது ஏடு. அடைப்புக்குறிகளை எங்கே வைப்பது என்று பேசும் இடத்தில் திரையில் 25 வரிகளே தெரியும், வரியை வீணாக்காதே என்கிறது. அப்படிப்பட்ட சிக்கனத்தின் விலை என்ன?

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் எதிர்முனையில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் பகுதியில், 'பிழை இருந்தால் முடிவுக்குத் தாவு' என்ற பொருளில் நிபந்தனைகள் வரிசையாக இருந்தன. எதற்கும் அடைப்புக்குறி இல்லை. ஓரிடத்தில் 'தாவு' என்ற வரி மட்டும் இருமுறை விழுந்துவிட்டது. இரண்டாவது வரியும் முதல் வரிக்கு நேராக உள்ளே தள்ளப்பட்டிருந்ததால், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டது போலத் தோன்றியது. கம்பைலரோ இடைவெளியைப் பார்க்காமல், எந்நிலையிலும் தாவு என்று படித்தது. அதனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இறுதிச் சோதனை நடக்கவே இல்லை. பிழை ஏதும் பதிவாகாததால் சோதனை வெற்றி என்றே விடை வந்தது. இடையில் புகுந்த ஒருவர் வங்கியின் பெயரால் நடித்திருக்கவும் முடியும்!

அடைப்புக்குறி இருந்து, இரண்டாவது வரி அதனுள் விழுந்திருந்தால் தீங்கே இல்லை. வெளியே விழுந்திருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். இதற்காக ஒரு வரியைச் செலவிடக் கூடாதா?

கூகுள் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட கோ மொழி வேறு வழியில் சென்றது. அடைப்புக்குறியை இலக்கணமே கட்டாயமாக்கியது. உடன் வந்த கோஃபம்ட் என்ற கருவி, எவர் எழுதிய நிரலையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடும். எத்தனை இடம் தள்ளுவது என்ற தேர்வையே அது உங்களிடம் விடவில்லை. கருவி இலக்கணப்படி இடைவெளி இடுவதால், கண் காண்பதும் கம்பைலர் காண்பதும் ஒன்றாகின்றன. நீண்ட வரியை அது தானே மடிப்பதில்லை. நல்ல பெயர் சூட்டவும் அதற்குத் தெரியாது. அந்த வேலைகள் மனிதருக்கே. திருத்துபவரின் நேரம் இடைவெளிச் சண்டையில் போகாமல் அங்கே போவது இலாபம்தானே?

லினக்ஸும் இதை ஒரேநாளில் ஏற்றால் என்ன என்று தோன்றலாம். பழைய நிரல் முழுவதையும் கருவியில் இட்டால், எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று தேடுபவருக்கு வடிவம் மாற்றியவரின் பெயரே வந்து நிற்கும். பலர் கையில் காத்திருக்கும் திருத்தங்களும் பொருந்தாமல் போகும். கோ மொழிக்குத் தொடக்கத்திலேயே கருவி இருந்ததால் இந்தச் சுமை இல்லை. 2018இல் லினக்ஸும் இத்தகைய கருவிக்கு அமைப்புக் கோப்பு ஒன்றைச் சேர்த்தது. அது துணையே தவிரக் கட்டாயம் அல்ல. ஆகவே பெரிய மாற்றத்தை லினக்ஸிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. அடைப்புக்குறி பற்றிய விதியைப் புதிய நிரலுக்கு மட்டுமாவது மாற்றி எழுதலாம். அதற்கு ஒரு பத்தியைத் திருத்தினால் போதும்.