நூற்கோலிற் பொறித்த பெயர்கள்

கலையென்றதும் கோபுரச் சிற்பத்தையும் அரண்மனை ஓவியத்தையுமே நினைப்போர் பலர். உழைப்பாளியின் கைபட்டுத் தேய்ந்த கருவியிலும் கலை உண்டு. இங்கிலாந்தின் பெட்பர்ட், பக்கிங்காம், நார்த்தாம்டன் ஜில்லாக்களில் 19-ஆம் நூற்றாண்டில் லேஸ் பின்னிய ஏழைப் பெண்களின் நூற்கோல்களே அதற்குச் சான்று.

பாபின் எனப்படும் இந்நூற்கோல் ஏறக்குறைய 4 அங்குல நீளமுள்ளது. மரத்தாலோ எலும்பாலோ கடையப்பட்டது. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூலுக்கு ஒரு கோலாகப் பல டஜன் கோல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவர். கோலின் அடியிற் கோத்த கண்ணாடி மணிவளையம் பாரமாய் நின்று நூலை விறைப்பாக வைக்கும். கோல் உருளாமலும் காக்கும். டெவன் ஜில்லாவின் ஹானிட்டன் லேஸிலோ கோலை நூற்கண்ணியினூடே நுழைத்தெடுக்க வேண்டும். ஆதலின் அங்கே கோல் மணியின்றி மெலிந்து கூராயிருக்கும். தொழிலின் தேவையே அழகின் வடிவை வகுத்ததன்றோ!

வெள்ளீயக் கலவையைப் புள்ளிகளாகப் பதித்த கோலைச் 'சிறுத்தை' என்றும், வளையங்களாகப் பதித்ததைப் 'புலி' என்றும் அழைத்தனர். தண்டைக் குடைந்து பலகணி அமைத்து, உள்ளே சின்னஞ்சிறு கோலொன்றை வைத்ததும் உண்டு; தாயின் வயிற்றுச் சேய் போன்றது அது. கடைசற்காரனின் கைத்திறனை இதில் வியக்கிறோம். ஆயினும் நாம் முதலிடம் தருவது எழுத்துப் பொறித்த எலும்புக் கோலுக்கே.

புள்ளி புள்ளியாகத் துளைத்து, சிவப்பு, நீலச் சாயம் ஏற்றி, எழுத்துக்களைத் தண்டைச் சுற்றிக் கொடிபோற் படரவிடுவர். பெற்றோர் பெயர், காதலன் பெயர், பிறப்பு, இறப்பு ஆகியன அதில் இடம்பெறும். 1868-இல் பெட்பர்டில் மக்கள் காணத் தூக்கிலிடப்பட்ட வில்லியம் வொர்ஸ்லியின் பெயரைத் தாங்கிய கோலும் உண்டு. இஃது அருவருப்பென்பார் சொல்லை நாம் ஏற்கோம். காதலும் சாவும் ஒரே திண்டின்மேற் கிடந்தமையே அக்கலையின் வாய்மை.

ஆல்னி ஊரினரான தாமஸ் ரைட் 1919-இல் இத்தொழிலைப் பற்றி எழுதிய நூலுக்கு, லேஸ் திண்டின் இன்பக் கதை என்று பொருள்படப் பெயரிட்டார். இன்பம் இருந்தது மெய்யே. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் லேஸ் பள்ளிகளில் நெடுநேரம் குனிந்து பின்னியதும் மெய்யே. முன்னதை மட்டும் போற்றிப் பின்னதை மறப்பது நல்ல இரசனையாகாது.

சீமாட்டியின் கழுத்தை அலங்கரித்த லேஸில் பின்னியவளின் பெயர் இல்லை. அவள் பெயரும் அவளுக்கு வேண்டியோர் பெயரும் கோலில் இருக்கின்றன. அவ்வெழுத்துக்கள் தண்டைச் சுற்றி ஓடுவதால், படிக்க விரும்புவோர் கோலை விரல்களால் மெல்ல உருட்டியே ஆகவேண்டும். அவள் விரல்களும் நாள்தோறும் அப்படித்தான் உருட்டின.