வெண்முரசு: பொறுமைக்குப் பலன் உண்டா?

மாட்டுங்காவில் வாசக அன்பர்கள் கூடினால் இந்த வாதம் தவறாமல் எழும். "கல்கியோட அஞ்சு பாகத்தை விடிய விடியப் படிச்சோம். இருபத்தாறு நாவலுக்கு நேரத்துக்கு எங்கய்யா போறது?" என்பார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

2014 முதல் 2020 வரை ஜெயமோகன் நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதிய வெண்முரசு, மகாபாரதத்தை 26 நாவல்களாக விரித்துரைக்கிறது. பொன்னியின் செல்வனில் 'அடுத்து என்ன?' என்ற ஆவல் நம்மை இழுத்துச் செல்லும். பாரதக் கதையோ பாட்டி சொல்லியே தெரியும். ஆகவே இங்கே 'ஏன் இப்படி நடந்தது?' என்பதே கேள்வி. முதற்கனலில் அம்பையின் சினத்தை உடனிருந்து கண்டவருக்கே பீஷ்மரின் அம்புப்படுக்கை முழுதாக விளங்கும். பொறுமைக்குக் கிடைக்கும் பலன் அதுவே.

நகர வருணனைகள் அலுப்பூட்டும் அளவுக்கு நீள்வது குறைதான், மறுப்பதற்கில்லை. செம்பூரில் லோக்கல் ஏறினால் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். முதலிரு நாவல்களை அப்படிப் படித்துப் பாருங்கள். பிடிக்கலேன்னா தாராளமா மூடி வைக்கலாம்.