ஜாஸ் யாத்ராவை எதைக்கொண்டு அளப்பது?

1978இல் பம்பாயில் தொடங்கிய ஜாஸ் யாத்ராவைப் பற்றிப் பேசுவோர் வந்து வாசித்தவர்களின் பெயர்களை அடுக்குவார்கள். முதல் ஆண்டிலேயே அமெரிக்கச் சக்சபோன் மேதை சொனி ரொலின்ஸ் வந்தார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் விருந்தாளியின் பெருமை வீட்டுக்காரனின் பெருமை ஆகாது. அந்த விழா தனக்குத் தானே சொல்லிக்கொண்ட நோக்கம் ஒன்று உண்டு: ஜாஸும் இந்திய இசையும் ஒரே மேடையில் சந்திக்க வேண்டும். அந்த நோக்கத்தை வைத்தே அதை அளக்க வேண்டும்.

அந்தச் சந்திப்பு விழாவுக்கு முன்பே நடந்துவிட்டது; அதில் நம் தீவுக்கும் பங்கு உண்டு. 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய ஜாஸ் பியானோக் கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. அந்தப் பயணத்தில் புரூபெக், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தார். அதே ஆண்டு இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை அடுத்து, யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துவந்த வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அவருடைய மகன் எல். சங்கர்தான் பின்னர் ஜாஸ் கிதார் கலைஞர் ஜோன் மக்லாப்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தவர். சக்தியின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்துவிட்டது. ஆகவே இணைப்பைத் தொடக்கிவைத்த பெருமையை ஜாஸ் யாத்ராவுக்குக் கொடுக்க முடியாது.

அதற்குரிய பெருமை வேறு. விழாவைத் தொடங்கிய நிரஞ்சன் ஜாவேரியும் அவருடைய ‘ஜாஸ் இந்தியா’ அமைப்பும் ரங் பவன் திறந்தவெளி அரங்கில் உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒரு மேடை தந்தார்கள். சினிமா ஒலிப்பதிவிலும் ஹோட்டல்களிலும் பிழைத்துவந்த கைகள் அங்கே தம் பெயரிலேயே வாசித்தன. பியானோக் கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ், சக்சபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வெஸ், பெங்களூர்ப் பாடகி ஆர்.ஏ. ரமாமணி ஆகியோர் சேர்ந்த குழு விழாவின் பெயரைத் தாங்கி ஐரோப்பாவுக்கும் போனது.

இசையாக அந்த முயற்சி தேறியதா? ஜாஸின் உயிர் மாறிக்கொண்டே போகும் சுரக்கட்டுகளில், அதாவது ஒருங்கே ஒலிக்கும் சுரங்களின் அடுக்குகளில், இருக்கிறது. ராகமோ ஒரே சுருதியில் ஊன்றி நிற்பது. கீழே சுரக்கட்டு மாறினால் மேலே ராகத்தின் முகம் மாறிவிடும். மாறாமல் நிறுத்தினால் ஜாஸ் பாதி உயிரை இழக்கும். இந்தச் சிக்கலை நேரே எதிர்கொண்டவர்கள் குறைவு. தம்பூராவை மீட்டவிட்டு மேலே சக்சபோன் உலவுவதோடு பலர் திருப்திப்பட்டார்கள். தாளத்தில் கதை வேறு. ரமாமணியின் கொன்னக்கோலும் சுரக்கோர்வைகளும் டிரம்ஸோடு மோதி ஒன்றாகச் சமத்தில் வந்து விழும் இடங்களில் இரண்டு இசையும் விட்டுக்கொடுக்காமல் வளர்கின்றன. தாளத்தில் வெற்றி, ராகத்தில் தயக்கம் என்பதே என் கணிப்பு.

நகரத்து விழாவாக அது இன்னும் பலவீனமானது. ரங் பவன் இருந்த இடம் மருத்துவமனையும் கல்லூரியும் சூழ்ந்த பகுதி. பிற்காலத்தில் ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் அந்த அரங்கை இசைக்கு மூடின. 1980இல் தொடங்கிய மொன்றியல் ஜாஸ் விழாவைப் பாருங்கள். அதன் பெரும்பாலான கச்சேரிகள் தெருவில், இலவசமாக நடக்கின்றன. நகரமே அதற்கு அரங்கம். ஆனால் கூட்டம் பெருகப் பெருக அங்கே பெரிய மேடைகளில் ஜாஸ் அல்லாத பெயர்களும் பெருகின. எனவே தெருவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. தெருவில் நிற்பவரின் காது பழகியிருக்க வேண்டும்.

அந்தக் காது நம்மிடம் இருந்தது. தவில் மேதை தட்சணாமூர்த்தி வாசித்த காலத்து யாழ்ப்பாணக் கோயில் வீதியை நினைத்துப் பாருங்கள். விடியவிடிய மேளச்சமா. அனுமதிச் சீட்டு இல்லை, எழுதிவைத்த சுரத்தாளும் இல்லை. மணலில் குந்தியிருந்த கமக்காரன் விரலில் தாளம் போட்டபடி தீர்மானம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். கற்பனையை அந்தந்தக் கணத்தில் எடைபோடும் இப்படியொரு சபைதான் ஜாஸுக்கும் வேண்டும். ஜாஸ் யாத்ரா கலைஞரைத் தேடிப் பிடித்தது, சபையை வளர்க்கவில்லை. ஆகவே அது சிறந்த விருந்தோம்பல். வேர்விட்ட விழா அல்ல.

சார்லி மரியானோ என்ற அமெரிக்கச் சக்சபோன் கலைஞர் மலேசியாவில் நாதஸ்வரத்தைக் கேட்டு, உட்கார்ந்து கற்று, இசைத்தட்டிலும் வாசித்தார். ஆடிவேல் ஊர்வலத்தில் காலி வீதி நெடுக அதே வாத்தியத்தைக் கேட்பவர்கள் நாம். கொழும்பில் ஜாஸ் விழா நடத்த நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாதஸ்வரத்தையும் தவிலையும் குத்துவிளக்கு ஏற்றும் நேரத்துக்கு மட்டும் அழைத்துவிட்டு அனுப்பாதீர்கள். சக்சபோனோடு ஒரு மாதம் பழக நேரம் கொடுங்கள். பிறகு கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு திறந்த வீதியில், முழு இரவுக்கும் மேடை கொடுங்கள்.