மூன்று நிமிட ஓட்டமும் மூன்று ஷிப்ட் ஓட்டமும்

அரியலூர் மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல் படிவங்களை நம்பி கோவிந்தபுரம், ரெட்டிபாளையம், கீழப்பழுவூர் என வரிசையாக சிமென்ட் ஆலைகள் நிற்கின்றன. அரசின் டான்செம் ஆலையும் அரியலூரில்தான். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்தில், நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட காலணி ஆலை. இரண்டு மாவட்டங்களிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சிம்போசியம் என்றால் கோட்டைப் பின்பற்றி ஓடும் லைன் ஃபாலோயர், ரோபோ ரேஸ், ரோபோ சாக்கர் என்று ஏதாவது ஒரு போட்டி இருக்கும். மாணவர்களைத் தொழில்துறைக்குத் தயாராக்குகிறோம் என்பது இத்தகைய போட்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம்.

அது பாதி உண்மை. ஓர் இயந்திரத்தை உருவாக்குவதைப் போட்டி நன்றாகவே கற்றுத் தருகிறது. உருவாக்கியதை நிற்காமல் ஓட்டுவதைக் கற்றுத் தருவதில்லை. குறை மாணவர்களிடம் இல்லை. எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் நிறையைப் பார்ப்போம். ஆசிய-பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர்களுக்காக 2002இல் டோக்கியோவில் தொடங்கியது ரோபோகான். நம் நாட்டில் இதற்கான தேர்வுப் போட்டியைத் தூர்தர்ஷன் பெயரில் டிடி ரோபோகான் என்று நடத்துகிறார்கள். 2024இல் வியட்நாம் கொடுத்த கருப்பொருள் நெல் அறுவடை. ஆள் இயக்கும் ஒரு ரோபோ நாற்று நட்டு, கதிர் அறுக்கும்; தானே இயங்கும் இன்னொன்று நெல்மணிகளுக்கு ஈடான பந்துகளை எடுத்துக் குதிர்களில் சேர்க்கும். நல்ல மணிகளோடு பதராகக் கருதப்படும் ஊதா நிறப் பந்துகளும் கலந்து கிடக்கும். ரோபோ பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆட்டம் மூன்று நிமிடம்.

இதில் தொழிற்சாலையின் சாயல் நிறையவே இருக்கிறது. விதிப்புத்தகம் என்பது வாடிக்கையாளர் தரும் விவரக்குறிப்பு போலத்தான்: எடை இவ்வளவு, அளவு இவ்வளவு, தேதி மாறாது. மெக்கானிக்கல் மாணவன் செய்த கைப்பிடி, எலெக்ட்ரானிக்ஸ் மாணவி செய்த போர்டு, இன்னொருவர் எழுதிய புரோகிராம் மூன்றும் ஒரே சட்டத்தில் பொருந்தியாக வேண்டும். தனித்தனியாகச் சரியாக ஓடியவை சேர்த்தவுடன் மக்கர் செய்யும் அனுபவம் எந்தப் பாடத்தாளிலும் கிடைக்காது.

மாவட்டக் கல்லூரிகளின் கோணத்தில் பார்த்தால் ஐஐடி பம்பாய் 2012 முதல் நடத்தும் இ-யந்த்ரா போட்டி இன்னும் பொருத்தமானது. ரோபோகான் அணிக்கு லட்சங்களில் செலவாகும். இ-யந்த்ராவில் நாலு பேர் அணி சேர்ந்தால் போதும். தேர்வாகும் அணிகளுக்குக் கருவிகள் வீடு தேடி வரும். கிடங்கில் பெட்டி அடுக்குதல், மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கோபாட் என்று கருப்பொருள்களும் நிஜ வேலைகளை ஒட்டியே அமைகின்றன. ஆனால் விவசாயம் என்று வரும்போது அங்கே பேசப்பட்ட பயிர்களில் ஒன்று ஸ்ட்ராபெர்ரி. பெரம்பலூரின் பயிர் சின்ன வெங்காயம். தாள் நறுக்கிப் பட்டறையில் சேமித்த வெங்காயத்தில் உள்ளே அழுகியதை மூடியபடியே கண்டுபிடிப்பது எளிதான கணக்கல்ல. அதை ரோபோ போட்டியாக்கியதாகத் தெரியவில்லை.

போட்டியும் தொழிலும் நெருங்கி வர வேண்டுமானால், கேள்வியைத் தொழிலே கேட்க வேண்டும். அமேசான் 2015இல் சியாட்டிலில் அதைச் செய்தது. தன் கிடங்கில் தானே தவித்துக்கொண்டிருந்த சிக்கலை, அலமாரியிலிருந்து சரியான பொருளை எடுப்பதை, ஆய்வு அணிகள் முன் வைத்தது. வென்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி விரல் வைத்த கையை நம்பவில்லை. வேக்குவம் கிளீனர் குழாயால் பொருள்களை உறிஞ்சி எடுத்தது. உண்மையான சிக்கல் என்பதால்தான் எளிய தீர்வுக்கு மதிப்பு கிடைத்தது.

இனி குறைகள். போட்டி ஓர் அணியின் சிறந்த சுற்றை எண்ணுகிறது. ஆலை தன் மோசமான ஷிப்டை எண்ணுகிறது. ரோபோகானில் சிக்கிக்கொண்டால் மறுமுயற்சி கேட்கலாம். சுமார் 1,450 டிகிரியில் கிளிங்கர் வேகும் சிமென்ட் சூளையை அப்படிச் சட்டென்று நிறுத்தித் தொடங்க முடியாது. சூடு இறங்கி ஏறினால் உள்ளே பதித்த செங்கற்கள் பெயரும்.

பேக்கிங் பிளான்ட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். சுழலும் பேக்கரின் மூக்கில் பை மாட்டப்படுகிறது. சுற்றியபடியே சிமென்ட் நிரம்புகிறது. லோட் செல் 50 கிலோ காட்டியதும் மூட்டை பெல்ட்டில் விழுகிறது. ஒரு மூட்டைக்கு இதைச் செய்வது மாணவர்களாலும் ஆகும். ஆனால் மூக்கில் தூசி படியப் படிய எடை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். 200 கிராம் கூடினால் ஆயிரக்கணக்கான மூட்டைகளில் நட்டம். குறைந்தால் எடையளவுச் சட்டத்தில் சிக்கல். கல்லூரி அரங்கின் வெளிச்சத்துக்கு ஏற்ப அளவு வைத்த லைன் ஃபாலோயரின் சென்சார் இங்கே முதல் ஷிப்டைத் தாண்டாது. ஆலையில் கண்ணாடி மேல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு குழாய்தான் சென்சாரைக் காப்பாற்றுகிறது. அந்தக் குழாய்க்குப் போட்டியில் மதிப்பெண் இல்லை.

இரண்டாவது குறை, போட்டியில் எல்லாமே நம் இயந்திரம். ஆலைக்குள் நுழையும் இளம் பொறியாளர் முதலில் பார்ப்பது ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கருவிக்கு யாரோ எப்போதோ எழுதிய லாஜிக். மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ போர்டில் கைதேர்ந்தவர்கூட அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்.

மூன்றாவது குறை, பாதுகாப்பு. 2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில் ரோபோ கை தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். நகர்ந்துவிட்ட தகட்டைச் சரிசெய்ய அவர் அதன் அருகே போனதாகச் செய்திகள் கூறின. ஆலையில் ரோபோவுக்கும் ஆளுக்கும் நடுவே வேலி, பூட்டு, அவசர நிறுத்தம் என்று ஓர் ஒழுங்கு உண்டு. போட்டிகளிலும் அவசர நிறுத்தப் பொத்தான் கேட்கிறார்கள். ஆனால் அது உள்ளே நுழைவதற்கான தகுதி மட்டுமே, வெற்றியைத் தீர்மானிப்பதில்லை.

ஆலையின் அலுப்பையெல்லாம் திணித்தால் போட்டியில் யார் சேருவார்கள் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விளையாட்டின் ஈர்ப்பு இல்லாவிட்டால் பல மாணவர்கள் சால்டரிங் அயர்னையே தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ரோபோகப் அமைப்பின் லாஜிஸ்டிக்ஸ் லீகில், ஆட்டத்தின் நடுவே இயந்திரம் பழுதானதாக அறிவிக்கப்பட்டு, ரோபோக்கள் வேலைத்திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பிரேக்டவுனையும் ஆட்டமாக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுமார் ரூ.2,877 கோடியில் தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐக்களில் தொழில் 4.0 மையங்கள் உருவாக்கப்பட்டன. அங்கே ரோபோடிக்ஸும் ஒரு பயிற்சி. நாளை ஆலையில் ரோபோவைப் பராமரிக்கப்போவது இந்த மாணவர்கள்தான். பொறியியல் மாணவர்கள் செய்த ரோபோவை ஓர் ஐடிஐ அணியிடம் கையேட்டோடு ஒப்படைக்க வேண்டும். தூசி பறக்கும் இடத்தில் எட்டு மணி நேரம் அவர்கள் ஓட்ட வேண்டும். நின்ற நிமிடங்களுக்கு மதிப்பெண் கழியும். செய்தவரைக் கூப்பிடாமல் பழுது நீக்கினால் கூடும்.

ஓர் ஆலை தன் பழைய கன்வேயரில் பத்து மீட்டரைக் கொடுத்தால் களம் தயார். முதல் ஆண்டில் எந்த அணியும் எட்டு மணி நேரம் தாங்காமல் போகலாம். அப்போதும் எப்போது நின்றது, ஏன் நின்றது, யார் சரிசெய்தார்கள் என்ற பதிவேடு ஒன்று மிஞ்சும். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழைவிட அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.