இரவல் உருவங்கள்

இத்தாலியின் உர்பினோ நகரக் குயவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் செய்த ஓவியத் தட்டுகளின் படநூலொன்றைச் சில வாரங்களாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 'இஸ்தோரியாத்தோ' என்பது இவ்வகையின் பெயர். விளிம்பு, குழி என்ற பேதமின்றித் தட்டு முழுவதும் ஒரே காட்சி: ஓவிட் சொன்ன புராணக் கதையொன்று, அல்லது பண்டைய ரோமின் சரித்திரம்.

இவ்வோவியத்தைத் தாங்கும் வெள்ளீயம் கலந்த வெண்பூச்சு, அப்பாசியர் கால ஈராக்கில் செழித்து, முஸ்லிம் ஸ்பெயின் வழியாக இத்தாலியை அடைந்தது. நம்மவர் கட்டுரைகள் இந்த இடத்தில் பெருமிதத்தோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுவதுண்டு. பூச்சு நம்முடையதாயிருக்கலாம், தட்டில் நிற்கும் மனிதர்கள் யாருடையவர்கள்?

பிரான்செஸ்கோ ஸான்டோ அவெல்லி என்பவரை எடுத்துக்கொள்வோம். தட்டின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் கதைக்குறிப்பும் எழுதியவர். உர்பினோ கோமகனைப் புகழ்ந்து கவிதையும் பாடியவர். ஆனால் இவரது உருவங்களிற் பெரும்பாலானவை மார்க்கன்தோனியோ ரைமொண்டி முதலியோரின் அச்சுச் சித்திரங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கப்பட்டவை. ஒரே உடல் ஒரு தட்டில் வீரன், இன்னொன்றில் வேறு யாரோ.

திருட்டுத்தானே என்று முதலில் நினைத்தேன். மாணவனொருவனின் கவிதையை 'இரவல்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியவன் நான். அந்த 1534ஆம் ஆண்டுத் தட்டுத்தான் என்னைத் தடுத்தது. 1527இல் பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸின் படைகள் ரோமைச் சூறையாடின. அந்நகரை ஒழுக்கம் கெட்டவளாக அதில் வரைகிறார் ஸான்டோ. அதற்கு அவர் உருவங்களை எடுத்தது எங்கிருந்து? ரைமொண்டி ரோமில் அச்சிட்டுச் சிறை சென்ற, பாப்பரசர் தடைசெய்த ஆபாசச் சித்திரங்களிலிருந்து! ரோமின் அழுக்கையே ரோமுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறார். இதை வெறும் பிரதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைவேலையும் இலேசானதல்ல. சுடாத வெண்பூச்சு வர்ணத்தை உடனே உறிஞ்சிவிடும். தவறினால் அழித்தெழுத வழியில்லை.

ஆனாலும் எல்லாத் தட்டுகளையும் இவ்வாறு காப்பாற்ற முடியாது. பலவற்றில் உருவங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதேயில்லை; வெவ்வேறு கலியாண வீடுகளுக்குப் புறப்பட்டவர்கள் ஒரே பஸ்ஸில் ஏறியதுபோல நிற்கிறார்கள். அங்கே இரவல் இரவலாகவே கிடக்கிறது. அந்த மாணவனின் கொப்பியை மீண்டும் கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.