கூரியர் போல்டில் ரெண்டு ஊர்ப் பெயர்கள்

ஒரு எழுத்துருவைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு முன்னால் ஊர்ப் பெயரை அதில் அடித்துப் பார்ப்பது நல்லது. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஆங்கிலத்தில், கூரியர் போல்டில் அடிச்சுப் பாருங்க. அதன் பலம் முதல் பெயரிலும் பலவீனம் இரண்டாவதிலும் தெரிந்துவிடும்.

கூரியர், 1950களில் ஐபிஎம் தட்டச்சு இயந்திரத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்தது. எந்த எழுத்தை அடித்தாலும் கேரேஜ் ஒரே தூரம்தான் நகரும். 12 பாயின்ட்டில் அங்குலத்துக்கு 10 எழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 14 எழுத்து, 1.4 அங்குலம், ராஜபாளையத்துக்கு 11 எழுத்து, 1.1 அங்குலம். ஒல்லியான 'ஐ'க்கும் அகலமான 'எம்'முக்கும் ஒரே இடம்.

'வில்லி' என்ற இடத்தில் ஐ, எல், எல், ஐ என நாலு ஒல்லி எழுத்துகள் வரிசையாக வருகின்றன. ஏரியலில் அவை வெறும் குச்சிகள். கூரியரில் ஒவ்வொன்றுக்கும் அடியில் பட்டையான பாதம், தலையில் இடப்பக்கம் சின்னக் கொடி. காலி இடத்தை நிரப்பத்தான் அந்தப் பட்டை. அதனால் 'வில்லி' கம்பீரமாக நிற்கிறது.

ராஜபாளையம் கடைசி 'எம்'மில் மாட்டிக்கொள்கிறது. போல்டாக்கினாலும் கட்டத்தின் அகலம் கூடாது. மூன்று கால்களும் தடித்து, இடைவெளி அடைந்து, கறுப்புத் திட்டாகிவிடும்.

சரி, தமிழில் இப்படி ஒன்று செய்யலாமே? சமகட்ட எழுத்தைத் தமிழ்த் தட்டச்சு ஏற்கெனவே பார்த்துவிட்டது. லோயர், ஹையர் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: புள்ளியை முதலில் அடிக்கணும், கேரேஜ் நகராது, பிறகுதான் எழுத்து. ணகரத்தை நெருக்கி, காலை அகலமாக நிற்க வைப்பதுதான் தமிழுக்குச் சமகட்டம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ராஜபாளையத்தின் 'ளை' வளைவு சேர்ந்த ஒற்றை வடிவம். பிறகு அது இரண்டு கட்டம்.

பட்டைப் பாதம்தான் இன்னும் பெரிய சிக்கல். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசமே அடியில் உள்ள அந்தச் சாய்ந்த சின்னக் கோடுதான். துணைக்காலுக்குப் பாதம் வைத்தால் அது ரகரமாகத் தெரியும். 'ராஜ' என்று தொடங்கும் ஊருக்கு முதல் எழுத்திலேயே குழப்பம். லத்தீனில் அடையாளம் காட்டும் பட்டை, தமிழில் அடையாளத்தை அழிக்கிறது.

அப்போ எதுக்குப் பயன்படுத்தலாம்? ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம் உள்ள ஊர். பத்திரம், மனு என்று காகிதம் புழங்கும் இடம். எண்ணும் குறியும் ஆங்கில எழுத்தும் கலந்த சர்வே எண் பட்டியலை நேர்கோட்டில் நிறுத்தச் சமகட்டம் உதவும். கம்ப்யூட்டரில் வரும் கூரியர் நியூ ரொம்ப மெலிசு, ஜெராக்ஸில் மங்கிவிடும், போல்டு தாங்கும். ஆனால் ஒன்று என்ற எண்ணும் சின்ன 'எல்'லும் இதில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. சொத்து விவரத்தில் அது விளையாட்டு இல்லை, பெரிய 'எல்' போடுங்க.

பட்டியலுக்குக் கூரியர் போல்டு, தமிழ் வாசகத்துக்குத் தமிழின் அகலத்தை மதிக்கும் எழுத்துரு. ரெண்டும் ஒரே தாளில் தாராளமா இருக்கலாம்.