நீலச் சோறு

நீல நிறச் சோற்றைப் பார்த்ததும் கை கொஞ்சம் தயங்கும். சிவந்திருந்தால் காரம், பச்சையாய் இருந்தால் புளிப்பு என்று நாக்குக்கு முன்பே கண் ருசி பார்த்துவிடுகிறது. நீலத்துக்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை. மலேசியாவின் கிளந்தான் பக்கத்து நாசி கெராபு அந்தத் தயக்கத்தோடு விளையாடும் சாப்பாடு. நம் வேலிகளில் படரும் அதே சங்குப்பூதான் சாயம். இதழ்களை வெந்நீரில் ஊறவிட்டு, கசக்கி, வடிகட்டி, அந்த நீரில் அரிசியை வேகவைப்பார்கள். பூ குறைந்தால் சாம்பல் பூத்தது போல வெளிறிவிடும். பதமாக வந்தாலோ பருக்கை பருக்கையாக மேகமில்லாத வானம்!

பூவுக்கென்று பெரிய ருசி கிடையாது, லேசான பச்சை வாசனை, அவ்வளவுதான். ருசியைச் சுமப்பவை மற்றவை: பொடியாய் அரிந்த பச்சிலைகள், நறுக்கென்று கடிபடும் முளைப்பயறு, வறுத்த தேங்காய்த் துருவல், பொரித்த மீன், பல்லில் நொறுங்கும் மீன் அப்பளம், எல்லாவற்றுக்கும் மேலே நெத்திலியைப் புளிக்கவைத்து எடுத்த புடு. எலுமிச்சை பிழிந்தால் சாறு பட்ட இடமெல்லாம் ஊதாவாகும். புளிப்பை இங்கேயும் கண்தான் முதலில் அறிகிறது. பிசையப் பிசைய நீலம் மற்ற நிறங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். நாலைந்து கவளத்துக்குப் பிறகு அதை யார் கவனிக்கிறார்கள்? இன்னும் கொஞ்சம் புடு கேட்கத்தான் தோன்றும்.